அப்பாவும் அடாப்டரும்

போன ஐப்பசியில் அப்பாவின் திதி. காரியமெல்லாம் முடிந்து, இலை எடுத்து, வந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் சாய்ந்த பிற்பாடு அம்மா என்னைப் பார்த்து, "அவரைப் போடுடா" என்றாள்.

பயப்படாதீர்கள். அவரை என்றால் அவர் குரலை.

1988ல் நான் சம்பாதித்து வாங்கிய முதல் டேப் ரெக்கார்டரை ஊருக்கு எடுத்துப் போனேன். மாயவரம் பக்கத்துக் கிராமம். அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்து, "ஏதாவது பேசுங்கப்பா" என்றேன். பேச மாட்டேன் என்று அரை மணி நேரம் பிகு பண்ணியவர், ஆரம்பித்த பிறகு நான்கு நாள் நிறுத்தவே இல்லை. பன்னிரண்டு கேசட். எல்லாம் அறுபது நிமிஷக் கேசட். சின்ன வயசில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு நாடகம் பார்க்கப் போனது, மாட்டுக்கு மிளகாய் கொடுத்தது, பெண் பார்க்க வந்த இடத்தில் அம்மாவுக்குப் பதிலாக அம்மாவின் தங்கையைப் பார்த்துத் தலையாட்டியது என்று சகலமும் இருக்கும்.

அப்பா 2004ல் போய்விட்டார். கேசட்டுகளை 2008ல் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். நல்ல காலம் மாற்றினேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டை வீட்டுக்குள் அடையாறு இடுப்பளவு வந்தபோது, கேசட்டுகள் இருந்த டிரங்குப் பெட்டி மிதந்து, அப்புறம் மூழ்கியது. அதிலிருந்து அப்பா குரல் இருப்பது உலகத்தில் ஒரே இடத்தில்தான். என் ஹார்ட் டிஸ்க்கில்.

போட்டேன். எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள், நாடக வண்டிக் கதை.

"அன்னிக்கு ராத்திரி, கொல்லுமாங்குடி தாண்டினதும்..." என்றார் அப்பா.

'டுடுங்' என்றது லேப்டாப்.

அவ்வளவுதான். அப்பா நின்றுவிட்டார். திரையில் டிஸ்க்கைக் காணவில்லை. இருபது பேர் என்னைப் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு எண்பத்தாறு வயசு. கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் திறக்காமலேயே சொன்னாள்:

"மேலே சொல்லச் சொல்லு."

* * *

இந்த இடத்தில் 'டாக்' என்கிற சாமானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க் ஒரு செங்கல் மாதிரி. பழைய கம்ப்யூட்டர் காலமானாலும் செங்கல் மட்டும் நன்றாக இருக்கும். அதைத் தூக்கிப் போட மனசு வராதவர்களுக்காகக் கண்டுபிடித்ததுதான் டாக். மேலே இரண்டு பள்ளம். செங்கலை நிற்க வைத்தாற்போல் அதில் செருகிவிட்டு, யு.எஸ்.பி. கேபிளை லேப்டாப்பில் மாட்டினால் செங்கல் உயிர் பெற்றுவிடும். பார்ப்பதற்கு அசல் பிரெட் டோஸ்டர். என் மனைவியின் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருமுறை அதன் முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, "ஏம்மா, ஜாம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

2017ல் இந்த டாக்கையும் ஒரு 4 டி.பி. டிஸ்க்கையும் சேர்த்து வாங்கினேன். போட்டோ, கல்யாண வீடியோ, அப்பா எல்லோரையும் அதற்குக் குடி மாற்றினேன். அதுவரை அப்பா இருந்த பழைய 1 டி.பி. டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து, அதில் பழைய சினிமாக்களை நிரப்பினேன். அப்போது புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

ஹார்ட் டிஸ்க்குக்கு வயசு கொஞ்சநஞ்சமில்லை. ஐ.பி.எம். கம்பெனி 1956ல் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை கிட்டத்தட்ட ஒரு டன். இத்தனைக்கும் அதில் கொள்ளக்கூடியது 50 லட்சம் எழுத்துக்கள்தான். அப்பா பேச்சில் ஐந்து நிமிஷம் போட்டால் மூச்சு முட்டியிருக்கும். இன்றைக்கு அதைவிடப் பல லட்சம் மடங்கு ஒரு செங்கலுக்குள். ஆனால் 1956 டிஸ்க்கை யாரும் டோஸ்டரில் நிற்க வைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

* * *

திதி முடிந்த மறுநாள் வைத்தியம் ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த முதல் வைத்தியம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. பண்ணினேன். டிஸ்க் வந்தது. 'சரி, உடனே இன்னொரு டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிடுவோம்' என்று புதுசாக ஒரு 4 டி.பி. டிஸ்க் வாங்கி வந்து இரண்டாவது பள்ளத்தில் செருகினேன். காப்பி ஓட ஆரம்பித்தது. நான் காபி சாப்பிட எழுந்தேன்.

டுடுங்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'டுடுங்' என்பது கோயில் மணி மாதிரி ஆகிவிட்டது. நான் எங்கே இருந்தாலும் ஓடி வருவேன். குளித்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை ஓடி வந்ததை இங்கே விவரிக்க வேண்டாம் என்று என் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரு டிஸ்க் மட்டும் போட்டால் அரை மணி தாக்குப் பிடித்தது. இரண்டும் போட்டால் பத்தே நிமிஷம். இது எவ்வளவு பெரிய துப்பு என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. துப்பறியும் கதைகளில் வரும் இன்ஸ்பெக்டர் மாதிரி, முக்கியமான தடயத்தின் மேலேயே நின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற என் தங்கை மகனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்தாதீங்க. ஒவ்வொண்ணா மாத்துங்க. எதை மாத்தினா சரியாகுதோ அதான் குத்தவாளி" என்றான்.

இது கம்ப்யூட்டர் ஞானம் இல்லை. எங்கள் பாட்டி ரசத்துக்குச் செய்ததுதான். புளியையும் உப்பையும் ஒரே சமயத்தில் போட மாட்டாள்.

அதன்படி முதலில் லேப்டாப்பில் வேறு ஓட்டையில் மாட்டினேன். நடுவில் நான்கு ஓட்டை உள்ள ஒரு 'ஹப்' வைத்திருந்தேன், அதையும் தூக்கிவிட்டு நேராக மாட்டினேன். டுடுங். அடுத்து, கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று விண்டோஸ் சும்மா இருக்கிற யு.எஸ்.பி.யைத் தூங்க வைக்குமாம், அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன். டுடுங். அதற்கப்புறம் கேபிள். டாக்கின் பின்னால் மாட்டுகிற முனை சதுரமாக, தலையில் ஒரு கொண்டை வைத்தாற்போல் இருக்கும். அந்தக் கொண்டை இருந்தால் யு.எஸ்.பி. 3, விநாடிக்கு 5 ஜிகாபிட். இல்லாவிட்டால் யு.எஸ்.பி. 2, வெறும் 480 மெகாபிட். கொண்டை வைத்த புதுக் கேபிள் ஒன்று வாங்கி மாட்டினேன்.

நாற்பது நிமிஷம் ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர்.

டுடுங்.

கடைசியில் பழைய 1 டி.பி. டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். சினிமாவும் பாதியில் நின்றது. அந்த டிஸ்க்கைப் பக்கத்து வீட்டுப் பையனின் கம்ப்யூட்டருக்குள் நேரடியாக மாட்டியபோது மூன்று மணிப் படம் முழுசாக ஓடியது. ஆக டிஸ்க் நிரபராதி, லேப்டாப் நிரபராதி, கேபிள் நிரபராதி. குற்றவாளி டோஸ்டர். அப்பா இருக்கிற 4 டி.பி.யை மட்டும் வீட்டு வாசலைத் தாண்டி எடுத்துப் போக அம்மா விடவில்லை. "அவருக்கு அடுத்தவா வீட்ல தங்கினா தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டாள்.

* * *

"சரி மாமா, இப்ப டிஸ்க்குக்கு ஒரு மாஸ்டர் செக்கப் பண்ணிடலாம்" என்றான் மருமான்.

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு டைரி எழுதி வைத்துக்கொள்கிறதாம். அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். நாம் எழுதுவதில்லை, டிஸ்க் எழுதுகிறது! கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள், அந்த டைரியைப் படித்துச் சொல்லும். நீலம் வந்தால் சௌக்கியம், மஞ்சள் வந்தால் ஜாக்கிரதை, சிவப்பு வந்தால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

நீலம் வந்தது. இருந்தாலும் உள்ளே நாலு வரியைப் படிக்கச் சொன்னான். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டாக்டர் சில வரிகளை மட்டும் பார்ப்பாரே, அந்த மாதிரி.

"05னு ஒரு வரி, C5னு ஒரு வரி. ரெண்டும் எவ்வளவு?"

"ரெண்டும் சைபர்."

"அப்ப தட்டு நல்லா இருக்கு. கெட்டுப்போன இடம்னு எதையும் அது கணக்கெழுதலை. C0?"

"அது ஏறிக்கிட்டே இருக்கு."

"C7?"

"அதுவும்."

மருமான் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் விளக்கினான். C0 என்பது, ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கரண்ட் போய், எழுதுகிற முள் அவசர அவசரமாகக் கரை ஒதுங்கிய தடவைகள். C7 என்பது, டிஸ்க்குக்கும் அது செருகியிருக்கிற இடத்துக்கும் நடுவே பேச்சு குழறிய தடவைகள். முதலாவது ஏறினால் கரண்ட் கோளாறு. இரண்டாவது ஏறினால் செருகலில் கோளாறு.

"ரெண்டுமே ஏறுதே?"

"ரெண்டு கோளாறும் இருக்கு மாமா."

வியாதி வந்தால் சர்க்கரையும் பிரஷரும் ஜோடியாகத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். டோஸ்டருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

* * *

கரண்ட் கோளாறுக்கு அடாப்டரை எடுத்துக்கொண்டு பஜார் ரோடில் டி.வி. மெக்கானிக்கிடம் போனேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். 12 வோல்ட். முள் பிசகவில்லை.

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"சும்மா இருக்கும்போது எல்லாரும் நல்லவங்கதான் சார். சுமை கொடுத்துப் பாக்கணும்."

இந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம். எனக்குத் தெரிந்த சில உறவினர்கள் ஞாபகம் வந்தார்கள்.

ஒரு கார் பல்பைக் கொண்டுவந்து அடாப்டரோடு சேர்த்தார். 12 வோல்ட் மளமளவென்று இறங்கி ஒன்பதரையில் வந்து நொண்டியது.

"உள்ளே கண்டென்சர் காஞ்சு போச்சு. என்ன மாட்டறீங்க இதுல?"

சொன்னேன். அவரே கணக்குப் போட்டார். பெரிய டிஸ்க் நின்ற இடத்திலிருந்து சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிக்கு 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் வரை கேட்கும். ஓட ஆரம்பித்த பிறகு அதில் பாதிகூட வேண்டாம். மாட்டு வண்டியைக் கிளப்பும்போதுதானே மாடு முக்கும்? இரண்டு டிஸ்க் போடுகிற டாக்குக்கு 3 ஆம்பியராவது வேண்டும். என் அடாப்டரின் மேலேயும் 3 ஆம்பியர் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் வயசானால் யாருக்குத்தான் மேலே போட்டிருப்பது உள்ளே இருக்கிறது?

ஒரு டிஸ்க்குக்கு அரை மணி, இரண்டு டிஸ்க்குக்குப் பத்து நிமிஷம். தடயம் இப்போது என் தலையில் விழுந்தது.

ரிச்சி தெருவில் புது அடாப்டர் வாங்கினேன். அதே 12 வோல்ட், அதே முனை, நடுக்கம்பி பிளஸ்தானா என்று பார்த்து வாங்கினேன். வோல்ட் மாறினாலோ, பிளஸ் மைனஸ் மாறினாலோ டாக்கோடு டிஸ்க்கும் கைலாசம் போகும். ஆம்பியர் மட்டும் அதிகம் இருந்தால் பரவாயில்லை, வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். 5 ஆம்பியர் வாங்கினேன்.

"வாரண்டி?" என்றேன் கடைக்காரரிடம்.

"இருக்கு சார். நீங்க கடையை விட்டு இறங்குற வரைக்கும்."

மாட்டினேன். C0 ஏறுவது நின்றுவிட்டது. வீட்டில் பாயசம் வைத்தோம்.

நான்காம் நாள், டுடுங். C7 மட்டும் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை லேசாகத் தொட்டுப் பார்த்தேன். பாட்டியின் கடைசிப் பல் மாதிரி ஆடியது. முக்கால் கிலோவுக்குக் கிட்ட வருகிற செங்கல் வருஷக்கணக்கில் ஒற்றைக்காலில் நின்றால் பள்ளம் தளராமல் என்ன செய்யும்? இந்தச் செருகுமுனைகளுக்கெல்லாம் ஆயுள் கணக்கு உண்டு. கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற சாதாரண ரகம் ஐம்பது தடவை செருகிப் பிடுங்கத்தான் செய்தது. அடிக்கடி மாட்டிக் கழற்றுகிற ரகத்துக்கு ஐந்நூறு. நான் பார்க்கிற சினிமாவுக்கு ஐந்நூறு எந்த மூலைக்கு?

இதற்கு வைத்தியம் கிடையாது. புது டாக் வாங்கினேன்.

* * *

புது டாக் அழகாக இருந்தது. அப்பா டிஸ்க்கை அதில் செருகினேன். ஆடவில்லை. நீல விளக்கு. 'டிடிங்' என்று நல்ல சத்தமே வந்தது. லேப்டாப்பில் ஒரு பெட்டி வந்தது.

'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?'

ஃபார்மட் என்றால் அழிப்பது. அதைத்தான் அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை என்கிறது டாக்.

எனக்குக் கை நடுங்கியது. நடுங்குகிற கை மவுஸின் மேலேயே இருந்தது என்பதுதான் விசேஷம். இன்னொரு கையால் மருமானுக்குப் போன் போட்டு, படித்துக் காட்டினேன்.

"மாமா! கையை எடுங்க! மவுஸை விட்டுக் கையை எடுங்க!"

பெங்களூரிலிருந்து போன் இல்லாமலேயே கேட்டிருக்கும். எடுத்தேன்.

"டிஸ்க் 2 டி.பி.க்கு மேல. அதை ஃபார்மட் பண்ணது பழைய டாக்லதானே?"

"ஆமா."

"அப்பாடா. ஒண்ணும் ஆகலை. கணக்கு வேற, அவ்வளவுதான்" என்றான்.

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். டிஸ்க்கில் இடத்தை 512 பைட், 512 பைட்டாக அளப்பது வழக்கம். ஆழாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாணிக் கணக்கு நோட்டில் 2 டி.பி.க்கு மேல் ஆழாக்கு எண்ண இடமில்லை. ஆகவே சில டாக்குகள் ஒரு தந்திரம் செய்யும். எட்டு ஆழாக்கைச் சேர்த்து ஒரு படியாக, 4096 பைட்டாக, கம்ப்யூட்டரிடம் கணக்குச் சொல்லும். நோட்டில் 'நூறாவது படியில் அப்பா இருக்கிறார்' என்று எழுதியிருக்கும். புது டாக் அந்தத் தந்திரம் தெரியாத அப்பாவி. அது நூறாவது ஆழாக்கில் போய்த் தேடுகிறது. அங்கே யாருமில்லை. உடனே மூட்டை காலி என்று சொல்லிவிட்டது. அரிசி அப்படியே இருக்கிறது, அளவுதான் மாறிப் போச்சு.

"ஆக, மறுபடி பழைய டாக்லதான் போடணும் மாமா. அதுலேர்ந்து எடுத்துப் புதுசுல வேற டிஸ்க்குக்கு மாத்தணும்."

"அது ஆடுதேடா."

"ஆடாம பிடிச்சுக்கணும்." பிறகு கேட்டான்: "ஆமா, இத்தனை நாள்ல தாத்தா குரலை எடுத்துட்டீங்கதானே?"

நான் பதில் சொல்லவில்லை.

"மாமா?"

"மேலேயிருந்து ஒவ்வொரு ஃபோல்டரா எடுத்துக்கிட்டு வந்தேன்டா..."

அதுதான் நடந்தது. ஆல்பம், பேங்க், கல்யாணம், கிரிக்கெட் என்று இங்கிலீஷில் பெயர் வைத்ததெல்லாம் மேலே வரும். ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ஆசையாகத் தமிழில் 'அப்பா' என்று பெயர் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் வரிசையில் இங்கிலீஷ் முடிந்த பிறகுதான் தமிழ். 'அ' நமக்கு முதல் எழுத்து, அதற்குக் கடைசி. ஒவ்வொரு டுடுங்குக்கு அப்புறமும் நான் விட்ட இடத்திலிருந்து கிரிக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அப்பா கடைசி வரிசையில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோதும் கல்யாண வீடுகளில் அவர் அப்படித்தான். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் பந்திக்கு வருவார்.

* * *

அன்று இரவு ஆபரேஷன். பழைய டாக், புது அடாப்டர். டிஸ்க் ஆடாமல் இருக்க ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்து இடுக்கில் சொருகினேன். (நல்ல கெட்டி அட்டை. மணமக்கள் நீடூழி வாழ்க.) மின்விசிறி வேண்டாம் என்றேன். யாரும் நடக்கக் கூடாது என்றேன். மனைவி குக்கரைக்கூட அணைத்துவிட்டாள். அம்மா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

டிஸ்க் வந்தது. நேராகக் கீழே இறங்கி 'அப்பா'வைப் பிடித்தேன். லேப்டாப்பின் சொந்த இடத்துக்கே இழுத்து விட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பச்சைக் கோடு நகர்வதைப் பார்க்கத் தயாரானேன்.

முடிந்துவிட்டது.

நம்ப முடியாமல் திறந்து எண்ணினேன். பன்னிரண்டு. மணிக்கு 58 எம்.பி. வீதம் பன்னிரண்டு மணி நேரம், மொத்தம் 700 எம்.பி. கூட இல்லை. பத்து விநாடி ஆகியிருந்தால் அதிகம். சட்டைப்பையில் போடுகிற பென் டிரைவில் பத்து அப்பாக்களை வைக்கலாம். பத்து விநாடி வேலையை 2017லிருந்து தள்ளிப் போட்டிருக்கிறேன். வெள்ளத்தில் டிரங்குப் பெட்டி மிதந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதற்கப்புறமும் ஒரே ஒரு பிரதி போதும் என்று இருந்தேன். கோளாறு டாக்கில் இரண்டு என்றான் மருமான். மூன்றாவது என்னிடம்.

மீதிக் கல்யாணம் கிரிக்கெட்டெல்லாம் புது டாக்கில் புதிதாக ஃபார்மட் செய்த டிஸ்க்குக்குப் போய்ச் சேர மூன்று ராத்திரி ஆயிற்று. நடுவில் ஏழு டுடுங். ஒன்றுக்கும் நான் எழுந்து ஓடவில்லை.

இந்த மாதிரி டோஸ்டர் வாங்குகிறவர்களுக்கு என் சொந்தச் செலவில் கற்ற மூன்று பாடம். ஒன்று, டாக் என்பது வந்துபோகிற சத்திரம், குடியிருக்கிற வீடு இல்லை. வேலை முடிந்ததும் முறைப்படி 'எஜெக்ட்' சொல்லி, சுழல்வது நின்ற பிறகு டிஸ்க்கை எடுத்து உறையில் வையுங்கள். இரண்டு, சில டாக்குகளில் கம்ப்யூட்டர் இல்லாமலேயே ஒரு டிஸ்க்கை இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுக்கிற பொத்தான் உண்டு. எந்தப் பள்ளம் அசல், எந்தப் பள்ளம் நகல் என்று மூன்று தடவை படித்துப் பாருங்கள். இடம் மாறிச் செருகினால், காலி டிஸ்க்கை வெகு சிரத்தையாக அசல் மேல் நகலெடுத்துக் கொடுத்துவிடும். மூன்றாவது, அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். இப்போது அப்பா லேப்டாப்பில் இருக்கிறார், டிஸ்க்கில் இருக்கிறார், பெங்களூரில் மருமானிடமும் இருக்கிறார். அடுத்தவர் வீட்டில் தூக்கம் வருகிறதா என்று அம்மா வாரம் ஒருமுறை விசாரிக்கிறாள்.

அன்று ராத்திரி நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். காப்பி முடிந்ததும், திதியன்று நின்ற இடத்திலிருந்து போட்டேன். கொல்லுமாங்குடி தாண்டியது. வண்டி குடை சாய்ந்தது. எங்களுக்கெல்லாம் சிரிப்பு. அம்மா மட்டும் கையைக் காட்டி, "பேசாதே, கேளு" என்றாள்.

"அதான் கேக்கறோமே, அம்மா."

"அவர் பேச்சை இல்லடா. அது எனக்கு மனப்பாடம். பின்னாடி கேளு."

சத்தத்தைக் கூட்டினேன். அப்பாவின் குரலுக்குப் பின்னால், வெகு தூரத்தில், க்ரீச், க்ரீச் என்று ஒரு ராட்டினம். எங்கள் ஊர்க் கொல்லைக் கிணறு. வீட்டை 1996ல் விற்றோம். வாங்கியவர் கிணற்றைத் தூர்த்துவிட்டார்.

"இறைக்கறது யாரு தெரியுதா?" என்றாள் அம்மா.

"யாரு?"

"நான்தான். ஒரு குடம் இறைச்சு இடுப்புல வெச்சா, இன்னொரு குடம் கையில தூக்கிண்டு நடப்பேன். இப்ப டம்ளர் தூக்கினா கை ஆடறது."

ராட்டினம் இன்னும் மூன்று சுற்று சுற்றியது. அப்புறம் குடம் கல்லில் வைக்கிற சத்தம். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"இது எத்தனை பிரதி இருக்கு?"

"மூணும்மா."

"இன்னொண்ணு எடுத்து வை" என்றாள்.